டெபியனின் இரண்டு பழம்பொதிக் கிடங்குகள்: ஆதரவு முடிந்த கணினி வைத்திருப்போருக்கான மதிப்புரை

டெபியன் ஒரு லினக்ஸ் இயங்குதளம். அதன் 9-ஆம் பதிப்பு, அதாவது ஸ்ட்ரெட்ச், 2017 ஜூன் 17 அன்று வெளியானது. அதன் நீண்டகால ஆதரவு 2022 ஜூன் மாத இறுதியோடு முடிந்துபோனது. ஆனாலும் ஆய்வகக் கருவிகளோடு பிணைக்கப்பட்ட கணினிகளிலும், அச்சகங்களிலும், யாரும் கைவைக்கத் துணியாத பழைய சர்வர்களிலும் அது இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அத்தகைய கணினியில் ஏதேனும் ஒரு சிறு மென்பொருளை நிறுவப் போனால், அது சார்ந்திருக்கும் பொதி, அதாவது நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள் கோப்பு, இல்லை என்று டெபியனின் நிறுவல் கருவியான ஆப்ட் சொல்லும். அந்தப் பொதியைக் கேட்டால், பொதிகள் இருக்கும் இணையக் களஞ்சியமே அந்த முகவரியில் இல்லை என்று 404 பிழை வரும். அதற்குப் பிறகு பலர் செய்வது, பிழைச் செய்தியை அப்படியே தேடுபொறியில் இட்டு, யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத ஒரு பதிவிறக்கத் தளத்திலிருந்து டெப் கோப்பை (டெபியன் பொதியின் கோப்பு வடிவம்) எடுத்து வந்து நிறுவுவது. அதற்குத் தேவையே இல்லை என்பதற்காகத்தான் இந்த மதிப்புரை.

டெபியன் திட்டம் கட்டணமின்றி நடத்தும் இரண்டு சேவைகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். முதலாவது ஆர்க்கைவ் டாட் டெபியன் டாட் ஆர்க். ஆயுள் முடிந்த வெளியீடுகள், 1996-இல் வந்த பஸ் எனும் 1.1 பதிப்பு தொட்டு, வரிசையாக இங்கே வந்து அடுக்கப்படுகின்றன. இரண்டாவது ஸ்னாப்ஷாட் டாட் டெபியன் டாட் ஆர்க். 2005-ஆம் ஆண்டிலிருந்து டெபியன் களஞ்சியம் ஒவ்வொரு நாளும் எப்படி இருந்தது என்பதை, இடையில் வந்து மறைந்த பதிப்புகள் உட்பட, தேதி வாரியாகச் சேமித்து வைத்திருப்பது. பெயர்களைப் பார்த்தால் இரண்டும் ஒரே வேலையைச் செய்வது போலத் தோன்றும். பயன்பாட்டில் இரண்டும் வெவ்வேறு கருவிகள். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை எடுத்தால் வீண் அலைச்சல்தான்.

நான் பராமரிக்கும் கணினி, ஆய்வகக் கருவி ஒன்றை இயக்கும் 64 பிட் ஸ்ட்ரெட்ச் கணினி. கருவியை விற்ற நிறுவனம் அதற்கான மென்பொருளை ஒரே ஒரு டெப் கோப்பாகக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. புதிய பதிப்பு இல்லை, கேட்டால் புதிய கருவி வாங்கச் சொல்கிறார்கள். அந்தக் கோப்பு டெபியன் 8-க்காக, அதாவது ஜெஸ்ஸிக்காகக் கட்டப்பட்டது. ஆகவே அது லிப்பிஎன்ஜி12-0, லிப்எஸ்எஸ்எல்1.0.0 என்ற இரு பொதிகளைக் கேட்கிறது. ஸ்ட்ரெட்சில் இவை இரண்டுமே இல்லை. பட லைப்ரரி, அதாவது படங்களைக் கையாள நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் துணைத் தொகுப்பு, அங்கே லிப்பிஎன்ஜி16-ஆக மாறிவிட்டது. மறையாக்க லைப்ரரி லிப்எஸ்எஸ்எல்1.0.2 என்றும் 1.1 என்றும் இரண்டாக இருக்கிறது. பெயரில் ஓர் எண்தான் வேறுபாடு என்று நினைத்து, புதிய லைப்ரரிக்குப் பழைய பெயரில் ஓர் இணைப்புக் கோப்பை உண்டாக்கி ஏமாற்றப் பார்ப்பவர்கள் உண்டு. அந்த எண் மாறியதற்குக் காரணமே உள்ளமைப்பு ஒத்துப்போகாது என்பதுதான். நிரல் திறந்ததுபோல் திறந்து நடுவில் விழும்.

இந்த நிலையில் ஆர்க்கைவ் எப்படி உதவுகிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தத் தளம் தன்னைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்லிக்கொள்கிறது. முகப்பில் இருப்பது ஒரு சிறு விளக்கமும் கோப்புறைப் பட்டியலும்தான். தேடும் பெட்டி இல்லை. எந்தக் களஞ்சியங்களை நாட வேண்டும் என்று ஆப்ட்டுக்குச் சொல்லும் சோர்ஸஸ் டாட் லிஸ்ட் கோப்பில் என்ன எழுத வேண்டும் என்பதை நாமே அறிந்திருக்க வேண்டும்: முதன்மைக் களஞ்சியத்தின் வரியில் முகவரியை மட்டும் ஆர்க்கைவ் என்று மாற்றினால் போதும், பாதுகாப்பு இற்றைகளுக்கான (அப்டேட்டுகளுக்கான) வரியில் அதே தளத்தின் டெபியன்-செக்யூரிட்டி கோப்புறையைக் காட்டி, வெளியீட்டின் பெயரை ஸ்ட்ரெட்ச் சாய்கோடு அப்டேட்ஸ் என்று பழைய பாணியிலேயே விட வேண்டும், ஸ்ட்ரெட்ச்-அப்டேட்ஸ் என்று தனியாக இருக்கும் வரியை நீக்கிவிட வேண்டும். புல்ஸ்ஐ (டெபியன் 11) முதல் பாதுகாப்பு வரியின் எழுத்துமுறை மாறிவிட்டதால், புதிய வழிகாட்டியைப் பார்த்துப் பழைய கணினியில் எழுதுபவர்கள் இங்கேதான் முதலில் இடறுகிறார்கள்.

முகவரியின் தொடக்கத்தில் எச்டிடிபிஎஸ் போடலாமா என்பது அடுத்த கேள்வி. ஸ்ட்ரெட்சில் உள்ள ஆப்ட் 1.4 பதிப்புக்கு அதைப் பேசத் தனியே ஒரு பொதி வேண்டும்; 1.5-இலிருந்துதான் அது உள்ளேயே வந்தது. அந்தப் பொதி இல்லாத கணினியில் அதை நிறுவவே களஞ்சியம் தேவைப்படும். ஆகவே சாதாரண எச்டிடிபியே போதும். இதைக் கேட்டுப் பதறத் தேவையில்லை. டெபியனில் பொதியின் நம்பகத்தன்மை வந்து சேரும் வழியில் இல்லை, களஞ்சியத்தின் பட்டியலில் இடப்பட்ட கையொப்பத்தில் இருக்கிறது. பட்டியலில் ஒவ்வொரு கோப்பின் சரிபார்ப்புத் தொகையும் இருப்பதால், வழியில் எவரேனும் ஒரு பைட்டை மாற்றினாலும் ஆப்ட் மறுத்துவிடும்.

வரிகளை மாற்றிப் பட்டியலைப் புதுப்பித்ததும் முதன்மைக் களஞ்சியம் அமைதியாக வந்துவிடும். பாதுகாப்புக் களஞ்சியத்தில் மட்டும் பட்டியல் காலாவதியாகிவிட்டது, அதன் இற்றைகள் ஏற்கப்படமாட்டா என்ற பிழை வரும். இது பழுது அல்ல. பாதுகாப்புக் களஞ்சியத்தின் பட்டியலில் இன்ன தேதி வரைதான் செல்லும் என்று ஒரு கெடு எழுதப்பட்டிருக்கும். இடையில் நின்று ஏமாற்ற நினைப்பவர், ஓட்டை உள்ள பழைய பட்டியலையே திரும்பத் திரும்பக் காட்டி நம் கணினியை இற்றைப்படாமலே வைத்திருக்கக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. இனி மாறவே போகாத களஞ்சியத்துக்கு அந்தக் கெடு பொருளற்றது. ஆப்ட்டின் அமைப்புக் கோப்பில் அக்வயர், செக்-வேலிட்-அண்டில் என்ற அமைப்பை இல்லை என்று வைத்தால் தேதிச் சோதனை மட்டும் நிற்கும், கையொப்பச் சோதனை தொடரும். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல், களஞ்சிய வரியில் டிரஸ்டட் (கையொப்பம் பார்க்காமலே நம்பு) என்று எழுதிவிடுங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று அறிவுரை தருபவர்கள் பூட்டு சற்று இறுகிவிட்டது என்பதற்காகக் கதவையே கழற்றிப் போடச் சொல்கிறார்கள்.

ஆனால் கையொப்பத்தைச் சரிபார்க்கும் விசைகளுக்கும் ஆயுள் உண்டு. டெபியன் தன் களஞ்சிய விசைகளை ஏறத்தாழ எட்டு ஆண்டுக் கெடுவோடு வெளியிடுகிறது. கணினியில் இருக்கும் விசைகள் முடிந்துபோயிருந்தால், புதிய டெபியன்-ஆர்க்கைவ்-கீரிங் பொதியை வேறொரு நல்ல டெபியன் கணினியில் ஆப்ட் வழியாகவே எடுத்து, பென்டிரைவில் கொண்டுவந்து நிறுவுவதே முதலில் செய்ய வேண்டியது. எந்தக் கட்டமைப்புக்கும் பொதுவான பொதி அது. வேறு லைப்ரரி எதையும் இழுக்காது. அதற்குப் பிறகும் மறுத்தால், அந்த ஒரு வரிக்கு மட்டும், அந்த ஒரு வேலை முடியும்வரை மட்டும் டிரஸ்டட் குறி போடலாம்; அதுவும் பதிவிறக்கிய கோப்பை வேறொரு கணினியில் எச்டிடிபிஎஸ் வழியே எடுத்ததோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்பு. பழைய களஞ்சியங்களின் பட்டியலைக் காலத்துக்கேற்ற விசையால் மறுபடியும் கையொப்பமிட்டு வைத்தால் இந்தச் சிக்கலே இருக்காது. இந்தச் சேவையில் நான் காணும் மிகப் பெரிய குறை இதுதான்.

களஞ்சியம் இணைந்த பிறகு கிடைக்கும் பலனைக் கண்ணால் பார்க்க ஓர் எளிய வழி இருக்கிறது. கருவி மென்பொருளின் டெப் கோப்பை டிபிகேஜி எனும் அடிப்படை நிறுவல் கருவி கொண்டு நிறுவினால், சார்புகள் நிறைவடையாததால் அது பாதி நிறுவிய நிலையில் நின்றுவிடும். அதன்பின் வேறு எதை நிறுவச் சொன்னாலும் முதலில் உடைந்ததைச் சரிசெய் என்று ஆப்ட் அடம்பிடிக்கும். களஞ்சியம் இல்லாத நிலையில் சரிசெய்யும் கட்டளையைக் கொடுத்தால், ஆப்ட்டுக்குத் தெரிந்த ஒரே தீர்வு நாம் நிறுவ வந்த மென்பொருளையே நீக்குவதுதான். பலர் எந்தப் பொதி நீங்கப் போகிறது என்ற வரியைப் படிக்காமலே ஆம் என்று அழுத்திவிட்டு, மென்பொருள் எங்கே போயிற்று என்று தேடுகிறார்கள். அதே கட்டளையை ஆர்க்கைவ் இணைந்த பின் கொடுத்தால், நீக்கும் வரி மறைந்து, நிறுவப்படும் புதிய பொதிகள் என்ற வரியில் விடுபட்டவை வந்து நிற்கும். எதுவாயினும் முதலில் எஸ் என்ற கொடியோடு பாவனையாக ஓடவிட்டுப் பார்ப்பது நல்லது; எதையும் தொடாமல் என்ன நடக்கும் என்பதை மட்டும் அது காட்டும்.

எங்கள் கருவி மென்பொருள் கேட்ட இரண்டும் ஸ்ட்ரெட்சில் இல்லாததால் ஜெஸ்ஸியின் வரி ஒன்றையும் சேர்க்க வேண்டியிருந்தது. ஜெஸ்ஸியும் இதே ஆர்க்கைவில்தான் இருக்கிறது. இரண்டு வெளியீடுகளைக் கலப்பது ஆபத்து என்று எல்லாரும் சொல்வார்கள், அதில் உண்மை உண்டு. ஆனால் எந்தத் திசையில் கலக்கிறோம் என்பதைப் பொறுத்தே ஆபத்தின் அளவு. முன்னுரிமை சமமாக இருக்கும்போது ஆப்ட் உயர்ந்த பதிப்பையே தேர்ந்தெடுக்கும். பழைய வெளியீட்டின் வரியைச் சேர்த்தால், புதியதில் இல்லாத பொதிகள் மட்டுமே அங்கிருந்து வரும். இருப்பவை அப்படியே இருக்கும். பழைய லைப்ரரி தனக்குப் பின் வந்த ஜிலிப்சியோடு (ஏறக்குறைய எல்லா நிரல்களும் சார்ந்திருக்கும் அடிப்படை லைப்ரரி) ஒத்துப்போகும், ஏனெனில் ஜிலிப்சி பழைய குறியீடுகளைக் கைவிடாமல் காப்பது. நேர்மாறாக, புதிய வெளியீட்டின் வரியை ஸ்ட்ரெட்சில் சேர்த்தால், நாம் கேட்ட ஒரு சிறு பொதியின் பின்னால் புதிய ஜிலிப்சியும், அதன் பின்னால் பாதி இயங்குதளமும் வந்து இறங்கும். விடுபட்ட பொதிக்காகக் கீழ்நோக்கிப் பார்க்கலாம், மேல்நோக்கிப் பார்க்கக்கூடாது என்பது என் கருத்து. வேலை முடிந்ததும் ஜெஸ்ஸியின் வரியைக் கருத்துக்குறி போட்டு அணைத்துவிட்டேன். அந்த இரு பொதிகளையும் ஆப்ட்-மார்க் கட்டளையால் மாறாதபடி நிறுத்திவைத்தேன்.

ஜெஸ்ஸியின் லிப்எஸ்எஸ்எல்1.0.0 என்பது ஓபன்எஸ்எஸ்எல் 1.0.1 வரிசையைச் சேர்ந்தது. அதில் பின்னாளில் தெரியவந்த ஓட்டைகளை யாரும் அடைக்கப்போவதில்லை. கருவியோடு மட்டும் பேசும் கணினிக்கு இது பொறுத்துக்கொள்ளத்தக்கது. இணையத்தை நோக்கித் திறந்திருக்கும் சர்வருக்கு நான் இதைச் செய்யமாட்டேன்.

கேட்பது பொதியாக இல்லாமல் கோப்பாக இருக்கும்போதுதான் தேடல் கடினமாகிறது. டெப் கோப்பாக வராமல் வெறும் நிரலாக வந்த மென்பொருள், இன்ன பெயருள்ள லைப்ரரிக் கோப்பைத் திறக்க முடியவில்லை என்று மட்டும் சொல்லி நின்றுவிடும். எல்டிடி கட்டளை விடுபட்ட கோப்புகளைப் பட்டியலிடும். ஆனால் நம்பகமற்ற நிரல்மீது அதை ஓடவிடக்கூடாது என்று அதன் கையேடே எச்சரிக்கிறது, சில சூழல்களில் அது நிரலையே இயக்கிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் ஆப்ஜ்டம்ப் கொண்டு தேவைப்படுபவை என்ற வரிகளைப் படிப்பதே பத்திரம். சரி, கோப்பின் பெயர் தெரிந்தது. அது எந்தப் பொதியில் இருக்கிறது? டெபியனின் பொதித் தேடல் பக்கம் ஆதரவு முடிந்து ஆர்க்கைவுக்குப் போன வெளியீடுகளைத் தன் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறது. ஆர்க்கைவிலோ தேடலே இல்லை. ஸ்னாப்ஷாட்டில் பொதியின் பெயரால் தேடலாம், உள்ளிருக்கும் கோப்பின் பெயரால் தேட முடியாது. இந்த இடைவெளியை நிரப்புவது ஆப்ட்-ஃபைல் என்ற சிறு கருவி. ஆர்க்கைவ் ஒவ்வொரு வெளியீட்டின் உள்ளடக்கப் பட்டியலையும் அழிக்காமல் வைத்திருப்பதால், முகவரியை மாற்றிய பிறகு ஆப்ட்-ஃபைல் முன்பு போலவே இயங்குகிறது. ஆர்க்கைவை இணைத்ததும் நிறுவ வேண்டிய முதல் பொதி இதுவே என்பேன்.

இதற்குள்ளேயே அடிக்கடி குழப்பும் ஒரு வகை உண்டு. கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, இயக்க அனுமதியும் இருக்கிறது, ஆனால் இயக்கினால் அப்படி ஒரு கோப்போ கோப்புறையோ இல்லை என்று முனையம் சொல்கிறது. பாதையைப் பத்து முறை சரிபார்ப்பவர்கள் உண்டு. இல்லை என்று அது சொல்வது நம் நிரலை அல்ல. அந்த நிரலை ஏற்றி ஓட்ட வேண்டிய 32 பிட் ஏற்றியை. ஃபைல் கட்டளையைக் கொடுத்தால் அது 32 பிட் நிரல் என்பது உடனே தெரிந்துவிடும். 2013-இல் வந்த வீஸி (டெபியன் 7) தொடங்கி டெபியனில் இதற்கு வழி இருக்கிறது: டிபிகேஜியில் ஐ386 எனும் 32 பிட் கட்டமைப்பைச் சேர்த்து, பட்டியலைப் புதுப்பித்து, லிப்சி6 பொதியின் ஐ386 வடிவத்தை நிறுவினால் ஏற்றி வந்துவிடும். மற்ற 32 பிட் லைப்ரரிகளும் அதே முறையில் ஆர்க்கைவிலிருந்தே கிடைக்கும்.

லைப்ரரி இருக்கிறது, ஆனால் ஜிலிப்சி 2.28 என்ற பதிப்பு அதில் இல்லை என்று வரும் பிழை முற்றிலும் வேறு. ஸ்ட்ரெட்சின் ஜிலிப்சி 2.24. நிரல் அதைவிடப் புதிய கணினியில் கட்டப்பட்டிருக்கிறது என்பதே இதன் பொருள். இந்த நோய்க்கு ஆர்க்கைவிலும் ஸ்னாப்ஷாட்டிலும் மருந்து இல்லை. புதிய ஜிலிப்சியை இழுத்து வந்து பழையதன் மேல் வைப்பவர்கள், அடுத்த நொடியே எல்எஸ், சிபி போன்ற அடிப்படைக் கட்டளைகள்கூட இயங்காமல் நிற்பதைப் பார்க்க நேரிடலாம். கணினியில் உள்ள ஏறக்குறைய எல்லாமே அந்த ஒரு லைப்ரரியைப் பற்றிக்கொண்டு நிற்கின்றன. புதிய மென்பொருள் வேண்டுமென்றால் அதற்கொரு தனி அறை கட்டித்தர வேண்டும். மென்பொருளைக் கொள்கலன் எனும் தனி அறையில் ஓட்டும் டாக்கர் ஸ்ட்ரெட்சின் சொந்தக் களஞ்சியத்தில் இல்லை. வெளியிலிருந்து கொண்டுவந்த டாக்கர் 20.10.10-க்கு முந்தையதாக இருந்தால், ஜிலிப்சி 2.34-உம் அதற்குப் பிந்தியதும் கொண்ட கொள்கலன்கள் அதில் புரியாத பிழைகளோடு விழும். புதிய ஜிலிப்சி அழைக்கும் ஒரு புதிய கெர்னல் (இயங்குதளத்தின் கரு) அழைப்பை அந்த டாக்கர் தவறான பதிலோடு தடுப்பதுதான் காரணம். ஆகவே டெபூட்ஸ்ட்ராப் எனும் கருவி கொண்டு ஒரு கோப்புறைக்குள் புக்வார்மை (டெபியன் 12) இறக்கி, அந்தக் கோப்புறையையே முழுக் கணினி போலக் காட்டும் சிஎச்ரூட் வழியே அதற்குள் நுழைந்து இயக்குவதுதான் எனக்குச் சுலபமாகப் படுகிறது. ஸ்ட்ரெட்சின் கெர்னல் 4.9, புக்வார்மின் ஜிலிப்சி 2.36 அதன்மேல் தாராளமாக ஓடும். பழைய டெபூட்ஸ்ட்ராப்புக்குப் புக்வார்ம் என்ற பெயர் தெரியாது என்பதால், அதன் உரைநிரல் கோப்புறையில் சிட் (டெபியனின் வளர்நிலை வெளியீடு) என்பதற்கான உரைநிரலுக்கு அப்பெயரில் ஓர் இணைப்பு போட வேண்டியிருக்கும். புதிய விசை வளையமும் தேவைப்படும்.

இனி ஸ்னாப்ஷாட். ஆர்க்கைவில் ஒரு வெளியீட்டின் இறுதி நிலை மட்டுமே இருக்கும். ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட பதிப்பு மட்டுமே வேண்டும் என்ற நிலை வந்தால் ஸ்னாப்ஷாட்டை விட்டால் வேறு இடம் இல்லை. முகவரியிலேயே ஆண்டு, மாதம், நாள், நேரம் எழுதி அதையே சோர்ஸஸ் டாட் லிஸ்ட்டில் வைக்கலாம். அந்த நேரத்தில் உலகின் டெபியன் மிரர் (நகல்) தளங்கள் எப்படி இருந்தனவோ அப்படியே ஒரு களஞ்சியம் நம் முன்னால் நிற்கும். பட்டியலின் கெடுத் தேதி இங்கும் முடிந்திருக்கும் என்பதால் முன்சொன்ன அமைப்பு இதற்கும் வேண்டும். பொதியின் பெயரைக் கொடுத்தால் அதன் பதிப்புகள் அனைத்தும் வரிசையாக வரும். ஒவ்வொன்றும் எப்போது முதன்முதலில் காணப்பட்டது என்பதும் தெரியும். ஓர் இற்றைக்குப் பிறகு கருவி மென்பொருள் தகராறு செய்யும்போது, எந்தப் பொதியின் எந்தப் பதிப்பில் தகராறு தொடங்கியது என்பதைத் தேதியை முன்னும் பின்னும் நகர்த்திக் கண்டுபிடிக்க இதைவிடச் சிறந்த கருவியை நான் கண்டதில்லை. டெவ்ஸ்கிரிப்ட்ஸ் பொதியில் உள்ள டெப்ஸ்னாப் கட்டளை, பெயரும் பதிப்பும் கொடுத்தால் கோப்பை நேரே இறக்கித் தருகிறது.

ஆனால் இது அன்றாடக் களஞ்சியமாகப் பயன்படுத்தும் இடமல்ல. இருப்பது மிகப் பெரிய சேமிப்பு. அதைத் தாங்கும் சர்வர்கள் சில. ஒரே முகவரியிலிருந்து வரும் கோரிக்கைகளுக்கு வரம்பு உண்டு. ஒரு முழு வெளியீட்டையும் இதிலிருந்து இறக்க முயல்பவர்கள் நடுவில் அறுபடுவதைக் காண்பார்கள், அது நியாயமும்கூட. தேவையான இரண்டு மூன்று பொதிகளை எடுத்து, நம்மிடமே ஒரு கோப்புறையில் சேமித்து வைப்பதே முறை. சேவையின் பக்கங்கள் எளிமையானவை. அழகைப் பற்றி எதுவும் சொல்வதற்கில்லை.

மற்ற லினக்ஸ்களோடு சுருக்கமாக ஒப்பிடலாம். சென்டோஸ் 7-இன் ஆயுள் 2024 ஜூன் 30 அன்று முடிந்ததும் அதன் மிரர் பட்டியல் முகவரியே இல்லாமல் போனது. அங்கே ஆப்ட்டின் இடத்தில் இருக்கும் யம் கட்டளை சர்வரின் பெயரையே கண்டுபிடிக்க முடியவில்லை என்று நின்றது. அங்கே வால்ட் என்ற கிடங்கு இருக்கிறது, 7.9.2009 என்ற கோப்புறையை அடிப்படை முகவரியாக எழுத வேண்டும். ஈபெல் எனும் கூடுதல் பொதிகளை ஃபெடோராவின் காப்பகத்தில் தனியே தேட வேண்டும். உபுண்டுவுக்கு ஓல்டு-ரிலீசஸ் என்ற தளம் உண்டு. மூன்றிலும் பழைய வெளியீடுகள் கிடைக்கின்றன என்றாலும், நாள்வாரியாகப் பின்னோக்கிச் செல்லும் வசதியில் டெபியனின் ஸ்னாப்ஷாட்தான் எனக்கு முன்மாதிரி. உபுண்டுவின் புதிய டெப் கோப்பு ஒன்றைப் பழைய டெபியனில் நிறுவிப் பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: 21.10 முதல் அவை இசட்-ஸ்டாண்டர்டு முறையில் சுருக்கப்படுகின்றன. ஸ்ட்ரெட்சின் டிபிகேஜிக்கு அந்தச் சுருக்கமுறையே தெரியாது, கோப்பைத் திறக்கக்கூட முடியாமல் கைவிட்டுவிடும்.

எழுத்துருப் பொதிகள் இந்தக் கட்டுப்பாடுகள் எதற்கும் உட்படாதவை. பழைய கணினியில் தமிழ் சரியாகத் தெரியவில்லை என்றால், டெபியனின் லோஹித் தமிழ் எழுத்துருப் பொதியைப் புதிய வெளியீட்டிலிருந்தே எடுத்துப் போடலாம்; அதில் நிரல் எதுவும் இல்லை, எழுத்துருக் கோப்பு மட்டுமே. மேல்நோக்கிப் பார்க்கக்கூடாது என்று நான் சொன்னதற்கு இது ஒரு நல்ல விலக்கு.

பழைய கணினியில் சார்புச் சிக்கல் போலத் தோன்றி, உண்மையில் சான்றிதழ்ச் சிக்கலாக இருக்கும் ஒன்றையும் குறிப்பிட்டாக வேண்டும். 2021 செப்டம்பர் 30 அன்று இணையதளங்களின் அடையாளத்தை உறுதிசெய்யப் பயன்படும் டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்ற மூலச் சான்றிதழ் காலாவதியானது. லெட்ஸ் என்கிரிப்ட் எனும் இலவச அமைப்பிடம் சான்றிதழ் பெற்ற ஏராளமான தளங்கள் அதன் சங்கிலியில் இருந்தன. ஓபன்எஸ்எஸ்எல் 1.0.2-உம் அதற்கு முந்தியவையும் புதிய மூலச் சான்றிதழ் கையில் இருந்தும் பழைய சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மறுத்தன. இணையத்திலிருந்து கோப்பு இறக்கும் ஸ்ட்ரெட்சின் கர்ல் கட்டளை பயன்படுத்துவது அந்த 1.0.2 லைப்ரரியைத்தான். பொதி இறங்கவில்லை என்று களஞ்சியத்தைக் குறை சொல்லும் முன், ஆர்க்கைவின் பாதுகாப்புக் களஞ்சியத்திலிருந்து இறுதி இற்றைகள் அனைத்தையும் போட்டுவிட வேண்டும். அதன் பின்னும் மறுத்தால் சிஏ-சர்டிஃபிகேட்ஸ் அமைப்புக் கோப்பில் அந்தக் காலாவதியான சான்றிதழின் வரிக்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறி போட்டு, சான்றிதழ்ப் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும். பைத்தான் பொதிகளுக்குத் தனிக் கதை உண்டு: ஸ்ட்ரெட்சின் பைத்தான் 3.5-ஐ, பைத்தான் பொதிகளை நிறுவும் பிப் கருவி 2021 ஜனவரியில் வந்த 21.0 பதிப்போடு கைவிட்டது. அங்கே 20.3 வரிசைக்கு மேல் போகாமல் நின்றுகொள்ள வேண்டியதுதான்.

மூலநிரலையும் ஆர்க்கைவ் வைத்திருக்கிறது என்பது பலர் கவனிக்காத நன்மை. மூலநிரல் வரியைச் சேர்த்தால், ஸ்ட்ரெட்சின் எந்தப் பொதியையும் தேவையான சிறு திருத்தத்தோடு அதே கணினியில் மறுபடியும் கட்டிக்கொள்ளலாம். கட்டுவதற்கான சார்புகளையும் ஆப்ட்டே நிறுவித் தரும். புதிய வெளியீட்டின் மூலநிரலை எடுத்து வந்து இங்கே கட்டும் முயற்சி மட்டும் பெரும்பாலும் பாதியில் நிற்கும். பொதி கட்ட உதவும் கருவியான டெப்ஹெல்ப்பரில் அது கேட்பது 13-ஆக இருக்கும், ஸ்ட்ரெட்சில் இருப்பது 10.

பணம் கொடுக்க இயலும் நிறுவனங்களுக்கு வேறொரு வழியும் உண்டு. ஃப்ரெக்சியன் நிறுவனம் ஈஎல்டிஎஸ் என்ற பெயரில் பத்தாண்டு நிறையும்வரை பழைய டெபியனுக்குப் பாதுகாப்பு இற்றைகள் தருகிறது. ஸ்ட்ரெட்சுக்கு 2027 ஜூன் 30 வரை. கட்டணம் செலுத்தும் வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் பொதிகளுக்கு மட்டுமே இற்றை வரும். பொதிகள் இருக்கும் களஞ்சியமோ எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது. இணையத்தைத் தொடும் ஸ்ட்ரெட்ச் சர்வரை உடனே மாற்ற முடியாதவர்கள் ஆர்க்கைவின் மேல் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கருவியோடு பிணைந்த, தனி வலையில் இருக்கும் கணினிக்கு ஆர்க்கைவ் மட்டுமே போதும். அதன் பொதிகள் இனி மாறா என்பதால், ஒருமுறை தேவையானவற்றை இறக்கி ஒரு வட்டில் வைத்துக்கொண்டால் வட்டு பழுதடைந்து மறுபடி நிறுவ வேண்டிய நாளிலும் அதே கணினியை அப்படியே எழுப்பிவிட முடியும். ஆப்ட்-கெட்டின் டவுன்லோடு-ஒன்லி கொடியோடு இறக்கினால் கோப்புகள் ஆப்ட்டின் தற்காலிகச் சேமிப்பகத்தில் வந்து நிற்கும். அவற்றை நகலெடுக்கும்போது, அவற்றோடு வந்த பட்டியல் கோப்புகளையும் கையொப்பத்தையும் சேர்த்தே நகலெடுக்க வேண்டும்.